ஸ்குவாலோடானிலிருந்து அங்கைலோரைசாவுக்கு: ஒரு தொல் டால்பினின் 133 ஆண்டு வகைப்பாட்டு வழக்கு

1887-இல் ஜோயல் ஆசாஃப் ஆலன் என்ற அமெரிக்க விலங்கியலாளர், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பகுதியில் கிடைத்த ஒரு மண்டையோட்டுப் பகுதிக்கு ஸ்குவாலோடான் டீடெமனி என்று பெயரிட்டார். 2020 ஜூலையில் ராபர்ட் போசெனெக்கரும் நான்கு சக ஆய்வாளர்களும் அதே விலங்கை ஸ்குவாலோடான் என்ற பேரினத்திலிருந்து (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பிலிருந்து) எடுத்து, அங்கைலோரைசா என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். இடையில் 133 ஆண்டுகள். அது எப்படி ஸ்குவாலோடானுக்குள் போனது, ஏன் இவ்வளவு காலம் அங்கேயே கிடந்தது, கடைசியில் எதை வைத்து வெளியே எடுத்தார்கள் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலன் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. கோளாறு, ஸ்குவாலோடான் என்ற பேரினம் கட்டப்பட்ட விதத்தில் இருந்தது. அந்தப் பேரினத்தின் அடையாளமாக எல்லோரும் பிடித்துக்கொண்டது பல்லை. அந்தப் பல்லோ, மூதாதையரிடமிருந்து பல கிளைகளுக்கும் பொதுவாக வந்த சொத்து. பொதுச் சொத்தை வைத்து யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று தீர்மானிக்க முடியாது.

பேரினம் உருவான விதம்

ஸ்குவாலோடானின் கதை அந்தப் பெயருக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1670-இல் சிசிலியைச் சேர்ந்த ஓவியர் அகோஸ்தீனோ ஷில்லா, மால்டாவில் கிடைத்த ஒரு தாடைத் துண்டை வரைந்து வெளியிட்டார். பாறையில் கிடைக்கும் இத்தகைய உருவங்கள் இயற்கையின் விளையாட்டு அல்ல, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றின் எச்சங்கள் என்று நிறுவுவதே அவர் நோக்கம். அந்தத் துண்டு பிறகு ஜான் உட்வர்டின் சேகரிப்பில் சேர்ந்து, இன்று கேம்பிரிட்ஜின் செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1840-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளான்வில் அதை ஒரு சீல் என்று கருதி ஃபோக்கா மெலிடென்சிஸ் என்று பெயரிட்டார்.

அதே 1840-இல் போர்தோ நகர மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கிராத்தலூப், அருகிலுள்ள லியோன்யான் என்ற இடத்தின் கடல்சார் மணற்பாறையில் கிடைத்த ஒரு தாடைத் துண்டை விவரித்து ஸ்குவாலோடான் என்ற பெயரை உருவாக்கினார். அவர் அதை இகுவானோடானுக்கு நெருங்கிய ராட்சத ஊர்வன என்று நினைத்தார். இன்று படிக்கும்போது இது வினோதமாகத் தெரியலாம். ஆனால் கையில் இருந்தது ஒரு தாடைத் துண்டும், விளிம்பில் ரம்பம் போல முனைகள் கொண்ட முக்கோணப் பற்களும் மட்டுமே. இகுவானோடானின் பல் விளிம்பிலும் சிறு முனைகள் உண்டு. அப்போது தெரிந்திருந்த விலங்குகளில் பொருத்தம் தேடினால் அங்கே போய் நிற்பது இயல்புதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹார்லன் இன்னொரு பழந்திமிங்கிலத்தை ஊர்வன என்று கருதி பேசிலோசாரஸ் என்று பெயரிட்டிருந்தார். அது பாலூட்டி என்று 1839-இல் ரிச்சர்ட் ஓவன் காட்டினார்.

அடுத்த இருபது ஆண்டுகளில் இதே வகைப் பற்களுக்குப் பெயர்கள் குவிந்தன. ஜெர்மனியில் ஹெர்மன் ஃபான் மேயர் 1841-இல் அரியோனியஸ் என்றார். அமெரிக்காவில் ஜோசப் லைடி 1856-இல் ஒரு பெரிய சீல் என்று நினைத்து மேக்ரோஃபோக்கா என்றார். பிரான்சில் ஜூர்தான் 1861-இல் ரைசோப்ரியான் என்றார். ஊர்வன, சீல், திமிங்கிலம் என்று ஒரே வகைப் பல் மூன்று கூட்டங்களுக்கு மாறி மாறிப் போனது. நல்ல மண்டையோடுகள் கிடைக்கக் கிடைக்க எல்லாமே பல்திமிங்கிலங்கள்தான், அதாவது டால்பின்கள் அடங்கிய கிளைதான், என்று தெளிவானது. மூக்குத் துளைகள் பின்னோக்கி நகர்ந்திருந்தன. மேல்தாடை எலும்புகள் நெற்றி எலும்பின் மேல் ஏறிப் படிந்திருந்தன. இது ஊர்வனவற்றிலும் இல்லை, சீல்களிலும் இல்லை.

அப்புறம் முன்னுரிமை விதி தன் வேலையைச் செய்தது. ஒரே விலங்குக்குப் பல பெயர்கள் இருந்தால் முதலில் முறையாக வெளியான பெயரே நிற்கும். அப்படி அரியோனியஸ், ரைசோப்ரியான், மேக்ரோஃபோக்கா எல்லாம் ஸ்குவாலோடானுக்குள் கரைந்தன. பெயர்க் குழப்பம் தீர்ந்தது நல்லதுதான். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது: முக்கோணமாய், முனைகளோடு, இரண்டு வேர்களோடு ஒரு திமிங்கிலக் கடைவாய்ப்பல் கிடைத்தால் அது ஸ்குவாலோடான் அல்லது அதன் உறவு. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று உலகெங்கும் இந்தப் பெயரின் கீழ் புதுச் சிற்றினங்கள் சேர்ந்தன. பலவற்றுக்குத் தனிப் பல்லோ தாடைத் துண்டோதான் ஆதாரம்.

பல் ஏன் ஏமாற்றியது

பாலூட்டித் தொல்லுயிரியலில் பல்லுக்கு இருக்கும் மரியாதை சும்மா வந்ததல்ல. எனாமல் உடலிலேயே கடினமான பொருள். எலும்பெல்லாம் சிதைந்த பிறகும் பல் நிற்கும். குதிரைக்கும் யானைக்கும் கடைவாய்ப்பல்லின் மடிப்பைப் பார்த்தே சிற்றினம் வரை சொல்லிவிடலாம். அந்த நம்பிக்கையை அப்படியே திமிங்கிலங்களுக்கு எடுத்து வந்ததில்தான் சிக்கல்.

இன்றைய டால்பினின் வாயில் பற்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவம், எளிய கூம்பு, ஒற்றை வேர். முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்ற வேறுபாடு கிடையாது. இது பின்னால் வந்த நிலை. தொடக்க காலத் திமிங்கிலங்களுக்குப் பலவகைப் பற்கள் இருந்தன. பேசிலோசாரஸ் குடும்பத்தின் பின்கடைவாய்ப் பற்கள் முக்கோணமாக, விளிம்பில் முனைகளோடு, இரண்டு வேர்களோடு இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நெருங்கிய மூதாதையரிடமிருந்துதான் பல்திமிங்கிலங்களும், பல்லுக்குப் பதில் வாயில் சல்லடை போன்ற தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களும் பிரிந்தன. ஆகவே இரண்டு கிளைகளின் ஆரம்ப உறுப்பினர்களுமே இந்தப் பல்லைச் சுமந்துகொண்டுதான் வந்தார்கள்.

இதற்குத் தெளிவான சாட்சி சார்ல்ஸ்டன் பகுதியிலேயே கிடைத்தது. 2017-இல் விவரிக்கப்பட்ட கொரோனோடான் என்ற திமிங்கிலத்தின் கடைவாய்ப்பற்கள் பெரியவை, விளிம்பு முழுக்க முனைகள் கொண்டவை. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பல் தனியாகக் கிடைத்திருந்தால் ஸ்குவாலோடான் வகை என்றே எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மண்டையோட்டைப் பார்த்தால் அது பலீன் திமிங்கிலக் கிளையைச் சேர்ந்தது. இன்றைய நீலத் திமிங்கிலத்தின் பக்கத்து உறவு, டால்பினின் பக்கத்து உறவு அல்ல.

நியூசிலாந்தின் கெக்கெனோடான் இன்னும் ஒரு படி மேல். ஜேம்ஸ் ஹெக்டர் 1881-இல் பெயரிட்ட இந்த விலங்கையும் பல்லை வைத்து ஸ்குவாலோடானின் உறவாகப் பலர் கருதினார்கள். இப்போது அது பலீன், பல் என்ற இரண்டு நவீன கிளைகளுக்கும் வெளியே, பழந்திமிங்கிலங்களை ஒட்டி வைக்கப்படுகிறது.

கிளை வகைப்பாட்டு முறை இதைத்தான் அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறது. பழைய மூதாதைப் பண்பு இரண்டு விலங்குகளில் இருப்பது உறவைக் காட்டாது. ஒரு கூட்டத்துக்குள் புதிதாகத் தோன்றி, அந்தக் கூட்டத்தில் மட்டும் பகிரப்படும் பண்புதான் காட்டும். ஜெர்மன் உயிரியலாளர் வில்லி ஹென்னிக் இதை முறைப்படுத்தி எழுதியது 1950-இல். ஆலன் எழுதியது அதற்கு 63 ஆண்டுகள் முன்பு.

சார்ல்ஸ்டன் மண்டையோடு

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு சார்ல்ஸ்டன் சுற்றுவட்டாரத்தில் பாஸ்பேட் தொழில் பெரிதாக வளர்ந்தது. உரத்துக்காக நிலத்தைத் தோண்டினார்கள், ஆற்றுப் படுகைகளையும் வாரினார்கள். பாஸ்பேட் கட்டிகளோடு சுறாப் பற்களும் திமிங்கில எலும்புகளும் ஏராளமாக மேலே வந்தன. அறிவியலுக்கு அது பெரிய லாபம். கூடவே ஒரு நஷ்டமும் இருந்தது. ஆற்றடியிலிருந்து வாரி எடுத்த எலும்பு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடுக்கு தெரியாவிட்டால் காலமும் நிச்சயமில்லை. ஸ்குவாலோடான் என்றால் மயோசீன் கால (சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய காலம்) விலங்கு என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அந்த எண்ணத்தை இப்படி வாரி எடுத்த எலும்பால் அசைக்க முடியவில்லை.

1880-களில் வந்த அந்த மண்டையோடு முழுமையானது அல்ல. ஆலன் அப்போது என்ன செய்திருக்க முடியும்? மூன்று வழிகள் இருந்தன. பெயரே வைக்காமல் விடலாம். குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டே புதுப் பேரினம் உருவாக்கலாம். அல்லது தெரிந்த பேரினங்களில் நெருக்கமாகத் தோன்றியதில் புதுச் சிற்றினமாக வைக்கலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். பேசிலோசாரஸ் போலப் பழையதும் இல்லை, இன்றைய டால்பின் போலவும் இல்லை என்ற இடைநிலை விலங்குகளுக்கு அன்று இருந்த பெரிய வீடு ஸ்குவாலோடான் ஒன்றுதான். அந்தச் சூழலில் இதைப் பொறுப்பான முடிவு என்றே சொல்வேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புதுப் பேரினம் என்று போயிருந்தால் இன்று நீக்கவேண்டிய பெயர்கள் இன்னும் நூறு கூடியிருக்கும்.

என் குறை, பின்னால் வந்தவர்கள் மேல்தான். தற்காலிக இடமாகத் தரப்பட்டது, திரும்பத் திரும்பப் பட்டியல்களில் எழுதப்பட்டதாலேயே நிரந்தரம் போல ஆகிவிட்டது. 1923-இல் ரெமிங்டன் கெல்லாக், மேரிலாந்தின் கால்வர்ட் பாறைச்சரிவுகளில் கிடைத்தவற்றை வைத்து ஸ்குவாலோடான் கால்வர்டென்சிஸ் என்ற சிற்றினத்தை விவரித்தார். கூடவே இந்தக் கூட்டம் முழுவதையும் திருப்பிப் பார்த்தார். 1968-இல் கார்ல்ஹைன்ஸ் ரோட்ஹௌசன் ஐரோப்பிய வகைகளை மறுபரிசீலனை செய்து, மயோசீனுக்கு முந்தைய ஒலிகோசீன் கால விலங்கு ஒன்றுக்கு இயோஸ்குவாலோடான் என்ற தனிப் பேரினம் தந்தார். இவை மதிப்புமிக்க வேலைகள். ஆனாலும் டீடெமனி இருந்த இடத்திலேயே இருந்தது. பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மூலமாதிரியில் இல்லாத உறுப்புகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பெற முடியாதே.

எலும்புக்கூடு வந்த பிறகு

1970-களில் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் சாண்டர்ஸ் இதே வகையின் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். 1990-களில் குடியிருப்பு கட்டும் இடம் ஒன்றில் ஏறத்தாழ முழுமையான இன்னொன்று கிடைத்து, பின்னர் சார்ல்ஸ்டன் கல்லூரியின் மேஸ் பிரவுன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. மண்டையோடு, முள்ளெலும்புகள், முன்துடுப்பு எலும்புகள் ஒரே விலங்கினுடையவை. வாழ்ந்த காலம் ஒலிகோசீன், சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நீளம் சுமார் 4.8 மீட்டர்.

இங்கே வகைப்பாட்டாளர் சந்திக்கும் மிகக் கடினமான கேள்வி வருகிறது. புதிய எலும்புக்கூடும் 1887-இன் மண்டையோடும் ஒரே சிற்றினம்தானா? இரண்டிலும் பொதுவான உறுப்பு இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஒன்றில் மண்டையோடும் மற்றொன்றில் முதுகெலும்பும் மட்டும் இருந்தால், ஒரே விலங்காகவே இருந்தாலும் நிரூபிக்க வழியில்லை. புதுப் பெயர்தான் கதி. இங்கே இரண்டிலும் மண்டையோட்டுப் பகுதி இருந்தது, ஒப்பிட முடிந்தது. அதனால் ஆலன் வைத்த சிற்றினப் பெயர் பிழைத்தது. பேரினம் மட்டும் மாறியது. இன்று அங்கைலோரைசா டீடெமனி என்று எழுதும்போது ஆலனின் பெயரும் 1887 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. முதலில் பெயரிட்டவர் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சிற்றினமே புதிய பேரினத்தின் பெயருக்கு அடிப்படையான மாதிரிச் சிற்றினமும் ஆனது.

பற்களும் இப்போது வேறு கதை சொல்லின. ஸ்குவாலோடானின் கடைவாய்ப்பற்களில் இரண்டு வேர்கள் பிரிந்து நிற்கும், விளிம்பு முனைகள் எடுப்பாக இருக்கும். அங்கைலோரைசாவின் பற்களில் வேர்கள் பெரும்பாலும் ஒன்றாக இணைந்துவிட்டன. பேரினத்தின் பெயரே இதை வைத்துத்தான். முன்பற்கள் தந்தம் போல முன்னோக்கி நீண்டவை. பற்கள் தடித்தவை, தாடையும் உறுதியானது. பெரிய இரையைப் பிடிக்கும் வாய் இது. பல் ஏமாற்றிய வழக்கில் பல்லே திரும்பச் சாட்சி சொன்னதில் முரண் எதுவும் இல்லை. மூதாதையிடமிருந்து மாறிய அம்சத்தைப் பார்த்தால் பல்லும் உதவும். மாறாத அம்சத்தைப் பார்த்ததில்தான் தவறு.

எல்லாப் பண்புகளையும் சேர்த்து, உறவைக் காட்டும் கிளை மரம் வரைந்தபோது, அங்கைலோரைசா இன்று வாழும் பல்திமிங்கிலங்கள் அத்தனையும் அடங்கிய கூட்டத்துக்கு வெளியே, பல்திமிங்கிலத் தண்டின் கீழ்ப்பகுதியில், அதாவது முன்பே பிரிந்த பழங்கிளைகளிடையே, போய் நின்றது. ஸ்குவாலோடான் அங்கே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது, ஆய்வாளர்கள் இதைக் கட்டாயப்படுத்தி எந்தக் குடும்பத்திலும் திணிக்கவில்லை என்பது. 19-ஆம் நூற்றாண்டுப் பழக்கத்திலிருந்து விலகியதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

சரி, ஒரு பெயர் மாறியதால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வழக்கில் லாபம் பெரிது. இன்றைய பலீன் திமிங்கிலமும் டால்பினும் நீந்தும் விதம் ஒன்றுபோலவே இருக்கிறது. வால் தள்ளுகிறது, துடுப்புகள் திசை திருப்புகின்றன. குறுகிய வால்தண்டு, கூடுதலான வால் முள்ளெலும்புகள், குட்டையான மேற்கை எலும்பு ஆகியவை இரு கிளைகளிலும் உண்டு. பொது மூதாதையிடமிருந்தே இவை வந்திருக்கும் என்று நம்பினார்கள். பல்திமிங்கிலத் தண்டின் அடியில் நிற்கும் ஒரு விலங்கின் உடல் எலும்புகள் கையில் கிடைத்ததும் அதைச் சோதிக்க முடிந்தது. இந்தப் பண்புகளில் பல அங்கைலோரைசாவில் இன்னும் முழுமையாக வரவில்லை. அப்படியானால் இரண்டு கிளைகளும் பிரிந்த பிறகு, தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்திருக்கின்றன. சீல்களும் கடற்சிங்கங்களும் இப்படி வரவில்லை. ஒன்று பின்துடுப்பாலும் மற்றது முன்துடுப்பாலும் நீந்துகிறது. இதே விலங்கு ஸ்குவாலோடானுக்குள்ளேயே, மரத்தின் மேல் கிளையில் இருந்திருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடத் தோன்றியிருக்காது.

வேட்டையாடிகளின் வரலாறும் திருத்தப்பட்டது. எதிரொலியால் இரை தேடும் திமிங்கிலங்களில் உச்ச வேட்டையாடியாக ஆனவற்றில் நமக்குத் தெரிந்த முதலாவது இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது மறைந்தது. அதன்பின் 50 லட்சம் ஆண்டுகளுக்குள் ஸ்குவாலோடானும் வேட்டையாடும் விந்துத் திமிங்கிலங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. அங்கைலோரைசாவையும் ஸ்குவாலோடானையும் ஒரே பேரினமாக வைத்திருந்த காலத்தில் இந்த இடமாற்றம் கண்ணுக்கே தெரியவில்லை.

ஸ்குவாலோடானில் மிச்சம் இருப்பது

டீடெமனி வெளியேறியதால் ஸ்குவாலோடானின் சிக்கல் முடிந்துவிடவில்லை. அது யாருக்கு உறவு என்பதிலேயே இன்னும் வாதம் இருக்கிறது. 1980-களின் இறுதியிலிருந்து கிறிஸ்தியான் த முய்சோன், தோள்பட்டை எலும்பின் அமைப்பை முக்கியமாகக் கொண்டு, ஸ்குவாலோடான் குடும்பத்தைக் கங்கை ஆற்று டால்பினின் பெருங்குடும்பத்தில் சேர்த்தார். 1994-இல் எவன் ஃபோர்டைஸ் நியூசிலாந்தின் வைபாட்டியா என்ற தொல் டால்பினை விவரித்தபோது அதையும் அதே வட்டத்தில் வைத்தார். பின்னால் வந்த மரங்களில் சில இந்த உறவை ஏற்கின்றன, சிலவற்றில் ஸ்குவாலோடான் வெளியே போகிறது. தோள்பட்டையை வைத்து உறவு தேடியது பல்லை வைத்துத் தேடியதைவிட நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது மூதாதைச் சொத்து அல்ல, புதிதாக மாறிய பண்பு. ஆனால் பல தொல் டால்பின்களுக்குத் தோள்பட்டை எலும்பே கிடைக்கவில்லை. அதனால் மரம் வரையும்போது பண்புப் பட்டியலில் அந்தக் கட்டங்கள் காலியாக நிற்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது செவி எலும்பு என்று கருதுகிறேன். திமிங்கிலங்களின் செவி எலும்புகள் மிக அடர்த்தியானவை, பல்லுக்கு அடுத்தபடியாக நன்றாகத் தப்பிப் பிழைப்பவை. அவற்றின் வளைவும் துளைகளும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். தனிப் பல் ஒன்றை மட்டும் மூலமாதிரியாகக் கொண்ட ஸ்குவாலோடான் சிற்றினங்களை, செவி எலும்போடு கூடிய மண்டையோடு அதே அடுக்கில் கிடைக்கும்வரை ஐயத்துக்குரிய பெயர்களாக ஒதுக்கி வைப்பதே சரி. 2005-இல் ஆல்டன் டூலி வர்ஜீனியாவிலிருந்து விவரித்த ஸ்குவாலோடான் விட்மோரை போன்றவற்றோடு அவற்றை ஒரே பட்டியலில் எழுதக்கூடாது.

கிராத்தலூப் 1840-இல் பெயரிட்ட லியோன்யான் தாடைத் துண்டில் செவிப் பகுதி இல்லை. பேரினத்தின் எல்லையை வகுக்க அந்தத் துண்டுதான் அடித்தளம். கால்வர்டென்சிஸ், விட்மோரை ஆகியவற்றை ஸ்குவாலோடான் என்று அழைப்பது, அந்தத் துண்டிலுள்ள பற்களோடும் தாடையோடும் அவை பொருந்துகின்றன என்பதை வைத்துத்தான்.